தோளுக்கு மேலே கை போகாமல் கயாக்கைக் காரில் ஏற்றுவது

பன்னிரண்டு அடி நீளமும் 36 கிலோ எடையும் கொண்ட இருவர் துடுப்புப் போட்டு ஓட்டும் கயாக் படகு ஒன்றை, 63 வயதில், வலது தோள் ஒத்துழைக்காத நிலையில், சிறிய காரின் மேல் தனியாக ஏற்ற முடியுமா, அதற்குக் கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச் கருவி வாங்குவது தேவையா என்று கேட்டிருக்கிறீர்கள். மூட்டுவலி உள்ள துணைவியாரிடம் கயிற்றைப் பிடிக்கச் சொல்லலாமே தவிர, எடையைத் தூக்கச் சொல்ல முடியாது என்றும் எழுதியிருக்கிறீர்கள். கேள்வியை இரண்டு முறை படித்தபின் எனக்குப் புரிந்தது இதுதான்: 36 கிலோவைத் தூக்கும் வழி உங்களுக்குத் தேவையில்லை, எந்த நேரத்திலும் முழு எடையும் உங்கள் மேல் விழாதபடியும், வலது கை தோள் உயரத்துக்கு மேலே வேலை செய்ய நேராதபடியும் படகை மேலே கொண்டுபோகும் வழி வேண்டும். அதற்கு விடை உண்டு. வின்ச் இல்லாமலேயே உண்டு.

நான் வடகடல், அதாவது பாக் விரிகுடா, ஓரத்து மீனவர் குடும்பத்தில் பிறந்தவன். கடந்த 11 ஆண்டுகளாக ராமநாதபுரம் மாவட்டத்தில் மண்டபம், அரியமான் பக்கத்தில் கயாக் ஓட்டக் கற்றுத்தருகிறேன். ஒரு நாளைக்கு நான்கைந்து முறையாவது ஏதாவது ஒரு படகை ஏதாவது ஒரு வண்டியில் ஏற்றி இறக்குவது என் பிழைப்பின் பகுதி. ஆனால் நான் மருத்துவன் அல்லன். உங்கள் தோளில் இருப்பது தசைநார்க் கிழிசலா, மூட்டு இறுக்கமா என்பதைப் பொறுத்து, கீழே நான் சொல்லும் 18 கிலோ, 12 கிலோ என்ற கணக்குகூட உங்களுக்கு அதிகமாக இருக்கலாம். எலும்பு மருத்துவரிடம் "தோள் உயரம் வரை, இடது பக்கத்தில், 20 கிலோ சுமக்கலாமா" என்று இப்படியே எண்ணைச் சொல்லிக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். "பளு தூக்கலாமா" என்று பொதுவாகக் கேட்டால் "வேண்டாம்" என்று பொதுவான பதில்தான் வரும்.

முதலில் கணக்கு. படகின் ஒரு முனை தரையில் இருக்க, மறு முனையை மட்டும் தூக்கினால் உங்கள் கைக்கு வருவது பாதி எடை, அதாவது 18 கிலோ. கடையில் வாங்கும் 20 லிட்டர் தண்ணீர் கேனைவிடச் சற்றுக் குறைவு. முன்முனையை, எங்கள் ஊர்ப் பேச்சில் சொன்னால் அணியத்தை, கார்க் கூரையில் குறுக்கே பூட்டிய கேரியரின் கம்பி மேல் வைத்துவிட்டுப் பின்முனைக்கு வந்து தூக்கினாலும் அதே 18 கிலோதான். ஆனால் அங்கிருந்து படகை முன்னோக்கித் தள்ளத் தள்ளக் கையில் உள்ள எடை குறைந்துகொண்டே வரும். அணியம் கம்பியைத் தாண்டி 3 அடி போனதும் 12 கிலோ. நாலரை அடிக்கும் கொஞ்சம் மேலே போனதும் 7 கிலோ. படகின் நடுப்பகுதி கம்பிக்கு மேல் வந்துவிட்டால் பின்முனை தானாகவே மிதப்பதுபோல் நிற்கும். வள்ளத்தைக் கரையேற்றும் பெரியவர்கள் இதைக் கணக்காகச் சொல்லமாட்டார்கள். ஆனால் முழு வள்ளத்தையும் ஒரே மூச்சில் தூக்க அவர்கள் ஒருபோதும் முயன்றதில்லை. அடியில் கட்டையைப் போட்டு, ஒரு தலையை நகர்த்தி, நிறுத்தி, மறு தலையை நகர்த்துவார்கள். காரும் அப்படி ஒரு கட்டைதான்.

இந்த எண்கள் எல்லாம் படகு காலியாகவும் உலர்ந்தும் இருக்கும்போது மட்டுமே உண்மை. கடலில் இரண்டு மணி நேரம் ஓட்டித் திரும்பிய படகின் உட்கூட்டில், மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தாலோ, இருக்கைத் திருகு ஒன்று தளர்ந்திருந்தாலோ, தண்ணீர் கசிந்து தங்கியிருக்கும். பத்து லிட்டர் கடல்நீர் என்றால் பத்து கிலோவுக்கும் சற்று மேல். அது ஒரே இடத்தில் நில்லாமல், நீங்கள் தூக்கும் முனைக்கு எதிர்முனைக்கு ஓடி, படகைத் திடீரென்று சாய்க்கும். ஆகவே கரைக்கு வந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை, பின்முனையில் உள்ள வடிகால் திருகைக் கழற்றி, அணியத்தை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் மேல் தூக்கி வைத்துவிட்டு, பத்து நிமிடம் தேநீர் குடிப்பது. அந்த இடைவெளியில் இருக்கைகள், துடுப்பு, தூண்டில் பெட்டி, மிதவை உடை எல்லாவற்றையும் கழற்றிக் காருக்குள் போட்டுவிடுங்கள். திருகைத் திரும்ப மாட்ட மறக்காதீர்கள். மறந்துவிட்டு மறுநாள் படகை இறக்கியவர்களை இழுத்துவர நானே போயிருக்கிறேன்.

தண்ணீர் ஓரத்திலிருந்து கார் வரைக்கும் படகை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கொழுகொழுப்பான அகன்ற டயர் உள்ள இரு சக்கரத் தள்ளுவண்டி கயாக்குக்கென்றே கிடைக்கிறது. குறுகலான கெட்டி டயர் எங்கள் மணலில் புதையும். நம் மாவட்டத்துப் பெண்கள் குடிநீர்க் குடங்களை வைத்துத் தள்ளும் வண்டியைப் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்துதரும் பட்டறையிலேயே, பழைய ஸ்கூட்டர் டயரைப் போட்டு, படகின் அடிப்பாகத்துக்கு ஏற்ற வளைவோடு ஒன்று செய்து வாங்கியவர்களும் உண்டு. நான் பயன்படுத்துவதும் அப்படிச் செய்ததுதான்.

இனி ஏற்றும் முறைக்கு வருகிறேன். இணையத்தில் காட்டப்படும் படங்களில் பெரும்பாலும் காரின் பின்புறத்திலிருந்துதான் ஏற்றுகிறார்கள்: பின்கண்ணாடியின் மேல்விளிம்பில் ரப்பர் அடி உள்ள கால்மிதியை விரித்து, அதன் மேல் அணியத்தைச் சாய்த்து, பின்னால் வந்து தள்ளுகிறார்கள். கூரை பின்பக்கம் சரிந்து இறங்கும் நீளமான கார்களில் இது நன்றாகவே நடக்கும். உங்களுடையதுபோல் பின்பக்கம் செங்குத்தாக வெட்டியது போன்ற சிறிய காரில், டிக்கிக்கு மேலே பிளாஸ்டிக் ஸ்பாய்லர் நீட்டிக்கொண்டிருக்கும். பின்கம்பியோ அதற்கு ஒன்றரை அடி முன்னால் தள்ளி இருக்கும். படகு சாய்வாக நிற்கும்போது அதன் எடை கம்பியில் உட்காராமல் ஸ்பாய்லரில்தான் உட்காரும். நான் இதைக் கேள்வியறிவால் சொல்லவில்லை. ஏழெட்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜூலை மாதத்துப் பிற்பகலில், நண்பரின் காரில் அவசரமாக இப்படி ஏற்றினேன். கச்சான், அதாவது தென்மேற்குக் காற்று, ஓங்கி அடித்த நேரம். படகு பாதி ஏறிய நிலையில் காற்று அதன் பக்கவாட்டில் பிடித்துத் திருப்ப, கால்மிதி நழுவி, ஸ்பாய்லர் நடுவில் கீறி, வைப்பர் முறிந்து, படகு என் முழங்கைக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில் தரையில் விழுந்தது. அந்த வைப்பரின் விலையை நண்பர் இன்றுவரை என்னிடம் வாங்கவில்லை; நினைவூட்டாமலும் இருந்ததில்லை.

உங்களுக்கு நான் சொல்வது பக்கவாட்டு முறை. முன்கம்பி உள்ளீடற்ற சதுரக் கம்பியாக இருந்தால், அதற்குள் நுழையும் அளவில் ஓர் இரும்புக் குழாயை, நாலரை அடி நீளத்துக்கு வெட்டி வாங்குங்கள். மூன்று அடி கம்பிக்குள் இருக்க, ஒன்றரை அடி இடப்பக்கம் வெளியே நீளட்டும். உள்ளே நழுவாமல் இருக்க ஒரு துளை போட்டு முளை செருகுங்கள். வெளியே நீளும் பகுதியின் மேல், குழாயைவிடச் சற்றுப் பெரிய பிவிசி குழாய்த் துண்டு ஒன்றைத் தளர்வாக மாட்டினால் அது உருளையாகச் சுழலும். இந்த முப்பது ரூபாய்ச் சமாசாரம்தான் பாதி வேலையைச் செய்கிறது. குழாயின் நுனியில் கட்டாயம் ஒரு தடுப்பு வேண்டும், ஒரு போல்ட்டும் வாஷரும் போதும், இல்லையென்றால் படகு வெளிப்பக்கம் வழுக்கிவிடும். கேரியர் கதவு விளிம்பைக் கவ்விப் பிடிக்கும் வகை என்றால், இந்த நீட்சியில் எடை விழும்போது எதிர்ப்பக்கக் கவ்வி மேலே எழும்ப முயலும். ஆகவே படகை வைப்பதற்கு முன், நீட்சியின் நுனியை இரு கையாலும் கீழ்நோக்கி அழுத்திப் பாருங்கள். கவ்வி அசைந்தால் அந்தக் கேரியரில் இந்த முறை வேண்டாம். இதில் எனக்கு எந்த ஐயமும் இல்லை.

காரை நிறுத்தும் இடம் பாதி வெற்றி. உங்கள் காரின் கம்பி தரையிலிருந்து ஏறக்குறைய 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும். நடுத்தர உயரமுள்ளவரின் தோள் 1.4 மீட்டர். இந்த ஒரு சாண் வித்தியாசம்தான் உங்கள் தோளுக்குப் பகை. கார் பள்ளத்திலும் நீங்கள் மேட்டிலும் நின்றால் அது மறைந்துவிடும். அரியமானில் சவுக்குத் தோப்பை ஒட்டிய பாதைகளில் ஓரம் சற்று உயர்ந்த இடங்கள் உண்டு. இடப்பக்கச் சக்கரங்கள் அந்த மேட்டை ஒட்டி நிற்குமாறு காரை நிறுத்திப் பாருங்கள். மேடு இல்லாத இடத்தில், அகலமான இரண்டு ஹாலோ பிளாக் கற்களின் மேல் தடித்த பலகை போட்டு நிற்கலாம், தரை கெட்டியாக இருந்தால் மட்டும். பிளாஸ்டிக் நாற்காலி படகின் முனையைத் தாங்கத்தானே ஒழிய, ஆள் ஏறி நிற்க அல்ல. காரின் முகம் காற்றை நோக்கி இருக்கட்டும். அப்போது காற்று படகின் கூர்முனையில்தான் மோதும். காரை மணலுக்குள் மட்டும் இறக்காதீர்கள். அதை எடுக்க ஆள் கூப்பிடும் செலவில் படகை வீட்டுக்கே அனுப்பிவிடலாம்.

இப்போது படகைக் காரின் இடப்பக்கத்தில், அதற்கு இணையாக, அணியம் முன்பக்கம் பார்க்க, முன்முனை குழாய்க்கு நேர் கீழே வருமாறு வையுங்கள். அணியத்தை முதலில் நாற்காலியில் ஏற்றுங்கள். பிறகு ஒரு துண்டைச் சும்மாடுபோல் மடித்து இடது தோளில் வைத்து, முழங்காலை மடக்கிக் குனிந்து, படகின் அடிப்பாகத்தைத் தோளில் வாங்கிக்கொண்டு, காலின் பலத்தால் எழுந்து நில்லுங்கள். வலது கை இடுப்புயரத்தில் படகைத் தொட்டுக்கொண்டிருந்தால் போதும். முனையிலிருந்து ஒரு அடி உள்ளே தள்ளித் தோளைக் கொடுப்பதால் எடை 20 கிலோவுக்கு அருகில் வரும். ஆனால் அது கையில் இல்லை, காலில் இருக்கிறது. எழுந்ததும் அணியம் தானாகவே குழாயின் உயரத்தில் இருக்கும். அரை அடி எடுத்துவைத்து அதை உருளையின் மேல் படுக்கவிடுங்கள். உடனே அணியத்தின் கைப்பிடியில் ஏற்கெனவே கட்டி வைத்திருக்கும் கயிற்றைத் துணைவியாரிடம் கொடுங்கள்; அவர் காரின் முன்னால் நின்று, கயிற்றைத் தளர விடாமல் பிடித்துக்கொண்டால் படகு பக்கவாட்டில் திரும்பாது.

பின்னால் வாருங்கள். பின்முனையை இடுப்புவரை தூக்கி, நடந்தபடியே முன்னோக்கித் தள்ளுங்கள். உருளை சுழல, படகு ஏறும். இங்கே அவசரப்பட்டு, அணியம் இரண்டு அடி தாண்டியதுமே பின்முனையைக் கம்பியில் வைக்கப் பார்ப்பவர்கள் அதிகம். சிறிய காரில் முன்கம்பிக்கும் பின்கம்பிக்கும் இடையே இரண்டரை அடிதான் இருக்கும். படகின் நடுப்புள்ளி அந்த இடைவெளிக்குள் வந்தாக வேண்டும். எனவே அணியம் கம்பியைத் தாண்டி நாலரை அடி போகும்வரை தள்ளுங்கள். அதற்குள் கையில் 7 கிலோதான் மிஞ்சியிருக்கும். அந்த நிலையில் பின்முனையை இடது தோளுக்கு உயர்த்திக் காரை நோக்கி நகர்ந்தால் படகு பின்கம்பியில் உட்கார்ந்துவிடும். கடைசியாக முன்பக்கம் போய், குழாயில் இருக்கும் பகுதியை இடது கையால் கூரையின் நடுவை நோக்கித் தள்ளி, குழாயை உருவி எடுத்துவிடலாம்.

வின்ச் பற்றி. படகை ஏற்றும் ஆற்றல் அதற்கு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அது எதன் மேல் பொருத்தப்பட்டிருக்கிறதோ அதையும் அதே பலத்தோடு இழுக்கும். சிறிய காரின் கதவு விளிம்பில் கவ்வியிருக்கும் கேரியர் அப்படி நீளவாக்கில் இழுபடுவதற்காகச் செய்யப்பட்டதன்று. வாயு அழுத்தத் தண்டுகளின் உதவியோடு இடுப்புயரத்திலிருந்து படகை மேலே தூக்கும் வெளிநாட்டுக் கேரியர்கள் அருமையானவை. அவை ஏறக்குறைய 18 கிலோ பளுவைத் தாங்களே ஏற்கும். ஆயினும் அவற்றின் விலையும், அவையே கூரையில் சேர்க்கும் எடையும் உங்கள் காருக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன். கூரை எவ்வளவு தாங்கும் என்பதைக் காரின் கையேட்டில் பாருங்கள். அந்த எண்ணில் கேரியரின் எடையும் சேர்த்தி என்பதைப் பலர் கவனிப்பதில்லை. கண்ணாடியில் ஒட்டும் உறிஞ்சுகிண்ண உருளைகள் குறித்து எனக்கு நல்ல எண்ணம் இல்லை. உப்புக் காற்றும் மணல்தூசியும் படிந்த நம் ஊர்க் கண்ணாடியில் அவை காலையில் ஒட்டும், பதினொரு மணி வெயிலில் விட்டுவிடும். நன்றாகத் துடைத்து ஈரத்துணி போட்டால் நிற்கிறது என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவும் இல்லை.

கட்டுவதில் சுருக்கமாகச் சொல்கிறேன். பல்சக்கரம் வைத்து இறுக்கும் லாரிப் பட்டை வேண்டாம். வெயிலில் படகின் பாலிஎதிலின் பிளாஸ்டிக் இளகும். அந்தப் பட்டையின் இறுக்கம் அடிப்பாகத்தைக் குழிய வைத்துவிடும். கையால் இழுத்து இறுக்கும் கொக்கிப் பட்டை இரண்டு, கம்பிக்கு ஒன்றாக. பட்டையில் ஒரு முறுக்கு விட்டால் ஓட்டத்தில் ஓலமிடாது. கொக்கியை மறுபக்கம் வீசி எறியாமல், சுற்றி நடந்துபோய்ப் போடுங்கள். படகைக் கவிழ்த்து வைப்பதுதான் அதன் உடலுக்கு நல்லது என்றாலும், கூரையின் மேல் அதைப் புரட்டும் வேலை உங்கள் தோளுக்கு ஆகாது. ஆகவே நிமிர்ந்தபடியே, கம்பிகளின் மேல் அகலமான ஃபோம் கட்டைகள் வைத்து ஏற்றுங்கள், வீட்டுக்கு வந்ததும் பட்டையைத் தளர்த்திவிடுங்கள். அணியத்திலிருந்தும் பின்முனையிலிருந்தும் காரின் இழுவைக் கொக்கிகளுக்குத் தனித்தனிக் கயிறு கட்டாமல் சாலையில் ஏறாதீர்கள். பாம்பன் சாலைப் பாலத்தில் இது வெறும் அறிவுரை அல்ல. பக்கத்திலேயே இருந்த பழைய ரயில் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் ரயிலையே நிறுத்திவந்தார்கள்; சாலைப் பாலத்தில் உங்களை நிறுத்த அப்படி ஒரு சிக்னல் கிடையாது. கச்சான் அடிக்கும் நாளில் கூரையில் படகோடு பாலம் ஏறவேண்டாம் என்பதே என் கருத்து. அந்தப் பருவத்தில் தென்கடல், அதாவது மன்னார் வளைகுடா, கொந்தளிக்க வடகடல் அடங்கிக் கிடக்கும் என்பதால், பாலம் தாண்டாமல் அரியமான், பிரப்பன்வலசையிலேயே ஓட்டிக்கொள்ளலாம். வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, தொடங்கியபின் இந்த நிலை தலைகீழாகும்.

ஏற்றுவதைவிட இறக்குவதில்தான் விபத்து நடக்கிறது. வரிசையை அப்படியே திருப்பிச் செய்யுங்கள்: குழாயைச் செருகி, முளையைப் போட்டு, அணியத்தின் கயிறு துணைவியார் கையில் இருப்பதை உறுதி செய்தபின்தான் பட்டைகளை அவிழ்க்க வேண்டும். பட்டையை முதலில் அவிழ்த்தால், காற்றடிக்கும் நாளில் படகு உங்களுக்காகக் காத்திருக்காது. அதேபோல், வீட்டு வாசலில் ஓய்வான உடம்போடு ஒருமுறை ஏற்றிப் பார்த்துவிட்டு "முடிகிறது" என்று முடிவு செய்யாதீர்கள். இரண்டு மணி நேரம் துடுப்புப் போட்டபின் தோள் சோர்ந்திருக்கும். அந்தச் சோர்வோடு ஏற்ற முடிகிறதா என்பதுதான் கேள்வி. சோதனையை அப்படிச் செய்யுங்கள், முதல் நான்கைந்து முறை பக்கத்தில் ஓர் ஆள் இருக்கட்டும். நம் கரையில் "தம்பி, ஒரு கை கொடுப்பா" என்று கேட்டு மறுத்தவரை நான் பார்த்ததில்லை. ஆனால் உதவ வருபவர் ஆர்வத்தில் முழுப் படகையும் சடாரெனத் தூக்கிவிடுவார். அப்போது உங்கள் பக்கம் எதிர்பாராமல் எடை வந்து விழும். எந்த முனையை, எப்போது, எவ்வளவு உயரத்துக்கு என்பதைத் தூக்குவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

இத்தனையும் எழுதிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. வாரத்துக்கு ஒரு முறைக்கு மேல் கடலுக்குப் போவீர்கள் என்றால், படகை ஊரிலிருந்து கொண்டுவருவதே வீண்பாடு. கரையோரத்தில் தோப்பு வைத்திருக்கும் யாரிடமாவது மாத வாடகை பேசி, நிழலில், கவிழ்த்து, சங்கிலி போட்டு வைத்துவிட்டால், உங்களுக்குத் தேவைப்படுவது அந்தத் தள்ளுவண்டி மட்டும். மண்டபத்தில் வைத்தால் வடகடலும் தென்கடலும் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. பருவம் மாறும்போது ஒரு குட்டி யானை சரக்கு வண்டியைக் கூப்பிட்டு, அதன் தாழ்வான தளத்தில் படகைத் தள்ளி ஏற்றி, மறுகரைக்கு மாற்றிக்கொள்ளலாம். காரின் கேரியர் எந்த வகை, கம்பி சதுரமா வட்டமா என்பதை எழுதுங்கள். வட்டக் கம்பி என்றால் குழாயின் அளவும் அதைப் பூட்டும் விதமும் வேறு.